பன்னிரண்டு துண்டில் மூடாத வளையம்

பன்னிரண்டு துண்டு வைத்தால் வளையம் மூட வேண்டும். மூடவில்லை.

லாய்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டு பார்த்தார். வேலைமேசை மேல் கறுத்த வால்நட் மரத் துண்டுகள் தோளோடு தோள் ஒட்டி வட்டமாக உட்கார்ந்திருந்தன. கடைசித் துண்டுக்கும் முதல் துண்டுக்கும் நடுவில் மட்டும் ஓர் இடைவெளி. மயிரிழை இடைவெளி என்றால் யாரும் அலட்டிக்கொள்ள மாட்டார்கள், உப்புத்தாளில் ரெண்டு தேய் தேய்த்தால் சரியாகிவிடும். இது அந்த ரகமில்லை. இன்னொரு முழுத் துண்டு தாராளமாக உட்காரும் அளவுக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

எண்ணினார். பன்னிரண்டு. ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் எண் போட்டிருந்தார், ஒன்றும் விட்டுப்போகவில்லை. கோணமானியை எடுத்து ஒவ்வொரு துண்டாக அளந்தார். பக்கத்துக்குப் பதினைந்து பாகை, துண்டுக்கு முப்பது, இம்மி பிசகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும், பன்னிரண்டு முப்பது முந்நூற்று அறுபது. கணக்கு சரி, மரம் சரி, வளையம் மட்டும் தப்பு.

"முந்நூத்தி அறுபதுக்கு மேல ஏதுடா," என்று வாய்விட்டே சொன்னார். பூட்டிய கராஜுக்குள் அந்தக் குரல் அவருக்கே பிடிக்கவில்லை.

வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. மின்னசோட்டாவில் பிப்ரவரி மாதம் ஐந்தரை மணிக்கெல்லாம் வெளிச்சம் மூட்டை கட்டிவிடும். கராஜ் கதவின் சின்னக் கண்ணாடி வழியே தெரிந்த தெரு, ஏற்கெனவே சாம்பல் நிறத்துக்கு வந்துவிட்டது. மூலையில் ஹீட்டர் உறுமிக்கொண்டிருந்தது. அறுத்த வால்நட்டின் கசப்பும் இனிப்பும் கலந்த வாடை, பசை வாடை, எரிந்த எண்ணெய் வாடை எல்லாம் சேர்ந்து தொண்டையில் நின்றது. நாற்பது வருஷமாக அவருக்குப் பழகிய வாடைதான். இன்றைக்கு அதில் வேறு ஏதோ ஒன்று கலந்திருந்தது, என்னவென்று பிடிபடவில்லை.

அன்று வியாழன். சனிக்கிழமை காலை தேவாலயத்தில் ஹார்லனுக்கு இறுதி வழிபாடு. ஹார்லனின் சாம்பலை வைக்கிற கலசம்தான் இது. அந்த ஊர் மரக்கடைசல் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு: உறுப்பினர் யாராவது போய்ச் சேர்ந்தால், அவருடைய நெருங்கிய தோழர் தன் கையாலேயே கலசம் கடைந்து கொடுப்பார். யார் செய்வது என்று கேட்டபோது, ஹார்லனின் மனைவி வெர்னா ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "லாய்டுதான்," என்றாள். லாய்டும் தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்ய முடியும்?

கலசத்துக்கு மரத்தை அப்படியே எடுத்துக் கடைவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளை ஒட்டி வளையம் செய்து, வளையத்தின் மேல் வளையமாக அடுக்கி, அப்புறம்தான் கடைசல் இயந்திரத்தில் ஏற்றுவார்கள். அந்தத் துண்டுகளை அறுப்பதில்தான் ஆபத்து. மேசைக்கு நடுவிலிருந்து வட்ட ரம்பம் தலையை நீட்டிக்கொண்டு சுற்றும். மரத்தை நாம் அதனிடம் கொண்டுபோக வேண்டும். விரல் நீளத் துண்டை வெறும் கையால் தள்ளினால் விரலையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும். அதனால் ஒரு சறுக்குப்பலகை வேண்டும். அடியில் ஒரு பலகை, மேலே சாய்வாக இரண்டு சட்டம். மரத்தைச் சட்டத்தில் சாத்தி, பலகையோடு சேர்த்துத் தள்ளினால் ஒரே கோணத்தில் துண்டு துண்டாக விழும். சட்டத்தை ஒரு நிலையில் வைத்தால் பன்னிரண்டு துண்டில் வளையம் மூடும், இன்னொரு நிலைக்கு நகர்த்தினால் பதினெட்டு. கடையில் வாங்கவும் வாங்கலாம். ஆனால் இந்த ஊர்க் கிழவர்களுக்கு அது கௌரவக் குறைச்சல். வீட்டுக்கு வீடு கராஜில் அவனவனே செய்துகொள்வான், யாருடையது உசத்தி என்று மாதக் கூட்டத்தில் காபியைக் குடித்துக்கொண்டு வாய்ச்சண்டை போடுவான்.

போன அக்டோபர் கூட்டத்தில் லாய்டுடைய பலகைதான் உசத்தி என்று முடிவானது. அவரே கைப்பட வரைந்த படத்தை நகலெடுத்துப் பதினாறு பேருக்குக் கொடுத்தார். பதினாறு பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அறுபத்தெட்டு வயதில் ஒரு மனுஷனுக்கு அப்படி ஒரு கைத்தட்டல் கிடைத்தால் தலை கால் புரியாதுதான்.

பதிமூன்றாவதாக ஒரு துண்டு அறுத்தார். வேறு வழி தெரியவில்லை. ரம்பம் வீறிட்டது, பலகை வழுக்கிப் போனது, துண்டு விழுந்தது. இடைவெளியில் வைத்தார். கச்சிதமாக உட்கார்ந்து வளையம் மூடியது. கணக்குப்படி மூடவே கூடாது. இருந்தும் அப்பாடா என்று ஒரு மூச்சு வந்தது அவருக்கு, வெட்கக்கேடு. பசைக் குப்பியை எடுக்க அலமாரிப் பக்கம் திரும்பினார். ஐந்தாறு அடி நடந்திருப்பார். குப்பியோடு திரும்பி வந்து பார்த்தால் வளையம் மறுபடி திறந்திருந்தது.

பதிமூன்று துண்டும் இருந்தன. இடைவெளியும் இருந்தது.

வீட்டுக்குள்ளிருந்து கராஜுக்கு வரும் கதவு திறந்தது. அவர் திடுக்கிட்டுத் திரும்பினார்.

"நான்தான்யா, பேயில்ல," என்றாள் மார்லிஸ். கையில் காபிக் கோப்பை, இடுப்பில் மாவு படிந்த ஏப்ரன். சனிக்கிழமை தேவாலயத்தில் வருகிறவர்களுக்குக் கொடுக்க இனிப்புக் கட்டிகள் சுட்டுக்கொண்டிருந்தாள். "காலையில இருந்து ஒரு வளையத்தோட மல்லுக்கட்டுற. சாப்பிடவும் வரல. அப்படி என்ன அது, கல்யாண மோதிரமா?"

"மூட மாட்டேங்குது."

அவள் எட்டிப் பார்த்தாள். "பல்லு விழுந்த வாய் மாதிரி இருக்கு. இன்னொண்ணு வெச்சு அடைச்சுடேன்."

"வெச்சாச்சு."

"அப்ப இன்னொண்ணு வை. ஹார்லன் என்ன, எழுந்து வந்து துண்டை எண்ணவா போறாரு?" சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "பாவம், நல்ல மனுஷன். நானும் ஒரு கை குடுக்கட்டுமா லாய்டு? நாப்பத்தி மூணு வருஷமாச்சு, ஒரு தடவையாவது அந்த மெஷின்கிட்ட என்னை விட்டிருக்கியா?"

"வேண்டாம்."

"அன்னிக்கி வெர்னாவே சொன்னா, ஹார்லன் அவளுக்குச் சொல்லிக் குடுத்தாராம். உனக்கு மட்டும்..."

"வேண்டாம்னு சொன்னேன்ல!"

சொன்ன வேகத்தில் காபி தளும்பியது. மார்லிஸ் ஒரு நிமிஷம் அவரையே பார்த்தாள். அவளுக்குக் கோபம் வரவில்லை, அதுதான் கொடுமை. தோழன் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டாள். கோப்பையை மேசை ஓரத்தில் வைத்துவிட்டு, போகிறபோது அவர் முதுகை ஒரு தடவை தடவிவிட்டுப் போனாள்.

துக்கம்தான். ஆனால் அவள் நினைக்கிற துக்கமில்லை.

நவம்பர் முதல் வாரம் அது. லாய்டு தன் பலகையின் சட்டத்தை முதல் தடவையாகப் பதினெட்டுக்கு நகர்த்தி வைத்துத் தள்ளினார். கூட்டத்தில் செய்துகாட்டியதெல்லாம் பன்னிரண்டுக்குத்தான். பாதி தூரம் போனதும் டங்கென்று ஒரு சத்தம். காதோரம் ஏதோ விருட்டென்று போய்ச் சுவரில் குத்திக்கொண்டு நின்றது. ரம்பத்தின் ஒரு பல். அணைத்துவிட்டுப் பலகையைத் திருப்பிப் பார்த்தார். பதினெட்டுக்கு நகர்த்தினால் சட்டத்தைப் பிடித்திருக்கும் இரும்புத் திருகு நேராக ரம்பத்தின் பாதைக்கு வந்து நிற்கிறது. மேலே இருந்து பார்த்தால் தெரியாது. ரம்பம் இரும்பில் மோதினால் பலகை எகிறும். எகிறினால் அதைப் பிடித்திருக்கும் கை எங்கே போகும் என்று சொல்லத் தேவையில்லை.

தன் பலகையில் திருகை இடம் மாற்றிவிட்டார். பத்து நிமிஷ வேலை. பதினாறு பேர் வீட்டில் இருக்கிற படத்தை மாற்ற ஒரே ஒரு போன் போதும், சங்கச் செயலாளரிடம் சொன்னால் அவர் எல்லோருக்கும் சொல்லிவிடுவார். சொல்லியிருக்கலாம். அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று, 'நான் வரைந்தது தப்பு' என்றால் முடிந்தது. அப்புறம் பத்து வருஷத்துக்கு அதையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள், அவ்வளவுதானே! அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் டிசம்பர் கூட்டத்துக்குப் போய் வாயை மூடிக்கொண்டு காபி குடித்துவிட்டு வந்தார். யாரும் பதினெட்டுக்குப் போக மாட்டார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜனவரியில் ஹார்லன் பதினெட்டுக்குப் போனார்.

இடது கையில் நடுவிரல்கள் மூன்றும் போயின. கட்டைவிரலும் சுண்டுவிரலும் மிஞ்சின. மருத்துவமனையில் லாய்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது, ஹார்லன் அந்தத் துணிப்பொட்டலம் போன்ற கையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஏதோ இரும்பு தட்டுச்சு லாய்டு. மரத்துக்குள்ள பழைய ஆணி இருந்திருக்கும்போல. நான்தான் பார்த்திருக்கணும்."

"ஆமா ஹார்லன்," என்றார் லாய்டு. "பழைய மரத்தை நம்பவே கூடாது."

காயம் ஆறவில்லை. ரத்தத்தில் விஷம் ஏறி மூன்றாவது வாரம் ஹார்லன் இறந்துபோனார். மீதிப் பதினைந்து படமும் இன்னும் பதினைந்து கராஜ்களில் இருக்கின்றன.

லாய்டு பதினான்காவது துண்டை அறுத்தார். பதினைந்தாவதையும் அறுத்தார். ஒவ்வொன்றையும் வைக்கிறபோது வளையம் மூடும், கையை எடுத்துக் கண்ணை இமைத்தால் திறந்திருக்கும். மேசை மேல் முழங்கையை ஊன்றி, கண்ணை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். ஹீட்டர் உறுமியது. பனியின் கனத்தில் கூரை முனகியது. கண்ணில் நீர் கட்டியது. தாங்க முடியாமல் ஒரே ஒரு தடவை இமைத்தார். இப்போது ஒரு துண்டுக்கான இடைவெளி இல்லை. மூன்று துண்டுக்கானது. அடுத்தடுத்து மூன்று.

சுவரோடு சாய்ந்துகொண்டார். "தூக்கமில்ல. அவ்வளவுதான். ரெண்டு வாரமாத் தூக்கமில்ல," என்றார். சொல்ல வேண்டியது அதுவல்ல என்று அவருக்கே தெரியும். சொல்லிவிட்டால் இது நின்றுவிடும் என்றும், எப்படியென்று தெரியாமலே, தெரிந்தது. யாரிடம் சொல்வது? மார்லிஸிடமா? நாற்பத்து மூன்று வருஷமாக அவரை அப்பழுக்கில்லாத நல்லவர் என்று நம்புகிறவள். வெர்னாவிடமா? புருஷனின் சாம்பலுக்குக் கலசம் கேட்டுக் காத்திருக்கிறவள். சனிக்கிழமை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

அப்போதுதான் அந்த வாடை என்னவென்று பிடிபட்டது. மருத்துவமனை வாடை. காயத்துக்குப் போட்ட பழைய கட்டைப் பிரிக்கும்போது வருமே, அது.

ரம்ப மேசைப் பக்கம் பார்த்தார். காலையிலிருந்து அறுத்ததில் மேசை இரும்பு மேல் மரத்தூள் மெல்லிய மாவாகப் படிந்திருந்தது. அதில் ஒரு கை ஊன்றிய தடம். லாய்டு தன் கையைப் பார்த்தார், தடத்தைப் பார்த்தார். உள்ளங்கை இருந்தது. கட்டைவிரல் இருந்தது. சுண்டுவிரல் இருந்தது. நடுவில் தூள் கலையாமல் அப்படியே கிடந்தது.

கைத்துணியை எடுத்து வெறி பிடித்தவர் மாதிரி மேசையைத் துடைத்தார். அப்புறம் குனிந்து சுவரிலிருந்து ரம்பத்தின் பிளக்கைப் பிடுங்கினார். வயரைச் சுருட்டி மேசைக் காலில் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். முடிச்சு ரெண்டு தடவை அவிழ்ந்தது, மூன்றாவது தடவைதான் நின்றது.

"லாய்டு!" உள்ளேயிருந்து மார்லிஸ் கூப்பிட்டாள். "வெர்னா லைன்ல இருக்கா. உன்கிட்டதான் பேசணுமாம்."

போனை வாங்கிக்கொண்டு படுக்கையறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இருட்டில் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்கைச் சுற்றிப் பனி சுழன்றுகொண்டிருந்தது.

"கலசம் ஆயிட்டிருக்கு வெர்னா. கவலைப்படாத."

"அதுக்குக் கூப்பிடல." அழுது அழுது கம்மிப்போன குரல். "கிளிஃபோர்டு வந்துட்டுப் போனாரு, சங்கத்துல இருக்காரே. ஹார்லன் செஞ்ச அந்தச் சறுக்குப்பலகையைக் குடுக்க முடியுமான்னு கேட்டாரு. அவருக்குப் பதினெட்டுத் துண்டுல ஏதோ செய்யணுமாம். ஹார்லன் அதுல சட்டத்தை வெச்சது வெச்சபடியே இருக்கும்ல, அதான்."

லாய்டு போனை மற்றக் காதுக்கு மாற்றிக்கொண்டார்.

"குடுக்கலாமா லாய்டு? நீ வரைஞ்சதுதானே. உன்னைக் கேக்காம எப்படி?" அவள் மூக்கை உறிஞ்சினாள். "கடைசி நாள் ராத்திரி ஜுரத்துல ஹார்லன் ஏதேதோ உளறினாரு. நடுவுல ஒண்ணு மட்டும் தெளிவாச் சொன்னாரு. 'லாய்டைக் கேளு, அவன் சொல்லுவான்'னு. எனக்கு ஒண்ணும் புரியல. என்ன லாய்டு அது? அந்தப் பலகையில ஏதாவது கோளாறு இருக்கா?"

இதோ வந்துவிட்டது. தட்டில் வைத்து நீட்டியாகிவிட்டது. 'இருக்கு வெர்னா' என்றால் ரெண்டே வார்த்தை. வாயைத் திறந்தார். பதினாறு பேர் எழுந்து நின்று கை தட்டிய சத்தம் எங்கிருந்தோ ஞாபகத்துக்கு வந்து தொலைத்தது. சனிக்கிழமை தேவாலயத்தில் அத்தனை பேரும் திரும்பித் தன்னைப் பார்ப்பது கண்ணுக்குத் தெரிந்தது. மார்லிஸ் பார்ப்பதும் தெரிந்தது.

"பலகையில ஒண்ணுமில்ல வெர்னா," என்றார். குரல் ஆச்சரியமாக உறுதியாக இருந்தது. "நானே எத்தனையோ தடவை அறுத்திருக்கேன். சொல்லக் கூடாது, இருந்தாலும் சொல்றேன். ஹார்லன் கொஞ்சம் அவசரக்காரன். கவனம் தப்பிப்போச்சு."



"அப்படியா," என்றாள் வெர்னா. "அப்ப சரி. குடுத்துடறேன். ஆனா ஒண்ணு, அதைக் காணோம். இவ்வளவு நேரம் தேடிட்டேன். ஆணியில மாட்டியிருந்த இடம் காலியா இருக்கு. நீ எடுத்துட்டுப் போனியா என்ன?"

"இல்லையே."

போனை வைத்தார். கிளிஃபோர்டை அப்புறம் தனியாகப் பார்த்து ஏதாவது சாக்குச் சொல்லித் தடுத்துவிடலாம் என்று ஒரு யோசனை ஓடியது. அப்படித்தான், மெதுவாகச் சமாளித்துவிடலாம். எழுந்து நின்றார்.

வீட்டில் சத்தமே இல்லை.

சமையலறையில் பாத்திரச் சத்தம் இல்லை. மார்லிஸ் வேலை செய்யும்போது தன்னையறியாமல் முணுமுணுக்கிற பாட்டு இல்லை. "மார்லிஸ்?" என்றார். கூடத்தைக் கடந்து போனார். அடுப்பில் இனிப்பு தீயத் தொடங்கிய வாடை. ஏப்ரன் நாற்காலி முதுகில் தொங்கியது. மாவு படிந்த விரல் தடங்கள் கராஜ் கதவின் கைப்பிடியில்.

அப்புறம் அது கேட்டது. முதலில் பாதத்தில் ஓர் அதிர்வு, பிறகு ஒரு முனகல், முனகல் ஏறி ஏறி வீறிடல். ரம்பம் முழு வேகத்துக்கு வந்துவிட்டது.

கதவைத் தள்ளிக்கொண்டு பாய்ந்தார்.

மார்லிஸ் ரம்ப மேசைக்கு முன்னால் நின்றிருந்தாள். பக்கவாட்டில் தெரிந்தாள். கண்ணுக்கு அவருடைய பாதுகாப்புக் கண்ணாடி, காதுகளில் அவருடைய பெரிய சிவப்புக் காதடைப்பான். ரெண்டு கையாலும் சறுக்குப்பலகையைப் பிடித்திருந்தாள். முகத்தில் சிரிப்பு. புதிதாக சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள் முகத்தில் வருமே, அந்தப் பயமும் குஷியும் கலந்த சிரிப்பு.

"இது இவ்வளவு சுலபமா!" என்று கத்தினாள். காதை அடைத்துக்கொண்டவர்கள் பேசுகிற மாதிரி உரக்க. "நான் என்னமோன்னு நெனச்சேன் லாய்டு!"

அவர் பக்கம் அவள் திரும்பவே இல்லை. தன் தோளுக்குப் பின்னால் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள்.

பிளக். லாய்டு குனிந்து பார்த்தார். வயர் மேசைக் காலில் மூன்று சுற்றுச் சுற்றியபடியே இருந்தது. முடிச்சு இருந்தது. பிளக் தரையில் கிடந்தது. ரம்பம் சுற்றியது.

பலகை. அது அவருடைய பலகை இல்லை. அவருடையது சுவரில் தொங்கியது. இது வேறு. அவருடைய படத்தைப் பார்த்து, அளவு பிசகாமல், பென்சில் கோடு அழியாமல், வேறொருவர் பொறுமையாகச் செய்தது. ஒரு விளிம்பு மட்டும் கருத்துக் காய்ந்திருந்தது. சட்டம் பதினெட்டில் இருந்தது.

அவளுடைய இடது கை மேல் இன்னொரு கை இருந்தது.

மெதுவாக, பக்குவமாக, பழகாதவரின் கையைப் பிடித்து வேலை சொல்லிக்கொடுக்கிறவர் வைக்கிற மாதிரி வைத்திருந்தது. சாம்பல் நிறக் கை. கட்டைவிரல் அவள் மணிக்கட்டை அணைத்திருந்தது. சுண்டுவிரல் அவள் சுண்டுவிரலோடு ஒட்டியிருந்தது. நடுவில் அவளுடைய மூன்று விரல்கள் வெளியே தெரிந்தன, மோதிரத்தோடு.

"கையை எடுத்துடாத," என்று கத்தினாள் மார்லிஸ். "இப்படியே பிடிச்சுக்கோ. நீ பிடிச்சுக்கிட்டதும் பயமே போயிடுச்சு!"

ஓடிப்போய் இழுக்கலாம். ஆனால் ஓடுகிற ரம்பத்துக்கு முன்னால் நிற்கிற ஆளைத் தொடக் கூடாது. இந்தத் தொழிலின் அரிச்சுவடி அது. தொட்டால் திடுக்கிடுவார்கள், திடுக்கிட்டால் கை ரம்பத்துக்குப் போகும். அவரே நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். கால் தரையோடு ஆணி அடித்த மாதிரி நின்றது.

பலகை நகர்ந்தது. ஓர் அங்குலம்.

அப்போதுதான் வாய் திறந்தது. அடைத்து வைத்திருந்த அத்தனையும் ஒரே மூச்சில் வந்தது.

"திருகு இருக்கு! திருகு! நான் வரைஞ்சதுல தப்பு, ஹார்லன் மேல தப்பில்ல, எனக்குத் தெரியும், நவம்பர்லயே தெரியும், தெரிஞ்சும் சொல்லல! நான்தான்! கேக்குதா? நான்தான் கொன்னேன், நான்தான்! அவளை விட்டுடு ஹார்லன், சொல்லிட்டேன்ல, சொல்லிட்டேன்!"

முதல் தடவையாக அந்த வார்த்தைகள் வெளிக்காற்றில் வந்தன. ரம்பத்தின் வீறிடலில் கரைந்து போயின. மார்லிஸ் காதில் ஒன்றும் விழவில்லை. அந்தக் கை கேட்டதா என்று தெரியவில்லை. நிற்கவில்லை.

இன்னோர் அங்குலம்.

ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. ரம்பத்தில் நிற்கிற ஆளைக் கூப்பிட வேண்டுமானால் எந்தக் கராஜிலும் செய்வது அது. கதவோரச் சுவரைத் துழாவினார். விளக்கு சுவிட்ச். அணைத்துப் போட்டார். அணைத்துப் போட்டார்.

மார்லிஸ் நிமிர்ந்தாள். ரம்பத்திலிருந்து கண்ணை எடுத்து வாசல் பக்கம் பார்த்தாள்.

வாசலில் நிற்கிற புருஷனைப் பார்த்தாள்.

முதலில் சிரிப்பு அப்படியே இருந்தது. அவருக்குக் கையசைப்பது போல வலது கை பலகையிலிருந்து எழும்பியது. பாதியில் நின்றது. லாய்டு அங்கே நிற்கிறார். கதவோரம். ரெண்டு கையும் வெறுமையாக. அவள் உதடு அசைந்து, அவர் பெயரைச் சொல்லத் தொடங்கியது. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை விட்டு இறங்கியது. கண்கள் அவரிடமிருந்து கீழே போயின, மெதுவாக, வேண்டாம் வேண்டாம் என்பது போல, தன் இடது கையைப் பிடித்திருக்கும் கைக்கு.

அது அவள் கையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தது. பலகை நிற்காமல் நகர்ந்தது.